பின்பாரம்

காஞ்சியிலிருந்து ஆண்ட தொண்டைமான் இளந்திரையனிடம் பரிசில் பெறப் போகும் பாணனுக்கு வழி சொல்லும் நூல் பெரும்பாணாற்றுப்படை. கடியலூர் உருத்திரங்கண்ணனார் 500 அடிகளில் விரிக்கும் அந்த வழியில் உப்பு வணிகர்களான உமணரின் வண்டி எதிர்ப்படுகிறது. புலவர் அதைத் தச்சனின் கண்ணோடு பார்க்கிறார். உருளையையும் ஆரத்தையும் பாரையும் சொல்லிவிட்டு, ஆரைப்புல் வேய்ந்த கூரைக்கு வருகிறார். வாயிலருகே கோழி அடையும் கூடு இருக்கிறது. இடையில் துளையிட்ட சின்ன உரல் ஒன்று தொங்கி ஆடுகிறது. வண்டியின் மூக்கில் காடி வைத்த கலத்தைக் கயிற்றால் பிணைத்திருக்கிறார்கள். கைக்குழந்தைக்காரி ஒருத்தி மாட்டை ஓட்டுகிறாள். உப்பு ஏற்றிய வண்டிதான், ஆனாலும் அதற்குள் ஒரு குடித்தனமே போகிறது.

ஐரோப்பியச் சாலைகளில் இன்று ஓடும் கேம்பர்வேன் என்ற வீட்டு வண்டியின் பின்னால் அடிக்கடி ஒரு காட்சி தென்படும். டிரெய்லரை இழுப்பதற்காக வைத்த கொக்கியில் இரும்புத் தாங்கி ஒன்றைப் பொருத்தி, அதன்மேல் சின்ன மோட்டார் சைக்கிள் ஒன்றைக் குறுக்காக நிறுத்திப் பட்டைகளால் இறுக்கியிருப்பார்கள். தமிழருக்குக் கேரவன் என்றால் படப்பிடிப்புத் தளத்தில் நடிகர் ஓய்வெடுக்கும் வண்டி. அதனால் இந்தக் காட்சி நமக்கு அந்நியமாகத் தோன்றலாம். ஆனால் உமணர் வண்டியில் தொங்கும் உரலுக்கும் இந்த மோட்டார் சைக்கிளுக்கும் வேலை ஒன்றுதான். வண்டி போய் நிற்கும் இடத்தில் எது கிடைக்காதோ அதைத்தான் பயணி வண்டிக்கு வெளியே கட்டிக்கொண்டு போகிறான். எனவே ஒரு காலத்தின் வண்டிகளுக்கு வெளியே என்ன தொங்கியது என்று பார்த்தால், அந்தக் காலத்துச் சாலையும் ஊரும் எதைத் தரவில்லை என்பதைப் படித்துவிடலாம். உத்திரமேரூர் வட்டாரம் இதற்கு நல்ல சான்று. அது பழைய ஊர், பெரிய ஊர், அதே சமயம் ரயில் தொடாத ஊர்.

பாட்டைச் சான்றாகக் கொள்ளலாமா என்ற கேள்வி உடனே எழும். ஆற்றுப்படைகள் அரசனைப் புகழப் பாடியவை, அவற்றில் மரபுக்காகச் சொன்னவை பல உண்டு. ஆனால் நடுவில் துளைபோட்ட உரல் இளந்திரையனின் புகழுக்கு எந்த வகையிலும் உதவாது. பயன் கருதிச் சேர்க்காத நுணுக்கத்துக்குத்தான் வரலாற்றில் நம்பகம் அதிகம். இன்னொரு சாட்சியும் இருக்கிறது. புறநானூற்றின் 102ஆம் பாட்டில் ஔவையார் அதியமானின் மகன் பொகுட்டெழினியை, உமணர் வண்டியின் அடிமரத்தில் கட்டி வைத்த சேம அச்சுக்கு ஒப்பிடுகிறார். எருதுகள் இளையவை, பாரம் பெரியது, வழியில் பள்ளமும் மேடும் எப்படி இருக்கும் என்று யாருக்குத் தெரியும் என்பதால் மாற்று அச்சு ஒன்றைக் கையோடு கொண்டுபோனார்கள். கேட்பவருக்கு ஏற்கெனவே பழகிய பொருளாக இருந்தால்தான் உவமை பலிக்கும். அன்றைய வழிகளில் அச்சு முறிவது சாதாரணம், முறிந்த இடத்தில் தச்சன் கிடைக்க மாட்டான் என்ற இரண்டு செய்திகளும் அந்த ஒரு மரத்துண்டில் அடங்கியிருக்கின்றன. ஆக, வெளியே தொங்குபவை இரண்டு வகை. ஒன்று, வழியில் ஏதாவது ஆனால் காப்பாற்றும் சேம அச்சு. மற்றொன்று, போய்ச் சேர்ந்தபின் குடித்தனத்தைத் தொடங்கிவைக்கும் உரல்.

உத்திரமேரூருக்கு வருவோம். வைகுண்டப்பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்தில், 919லும் 921லும் பொறித்த குடவோலைக் கல்வெட்டுகளால் உலகம் இவ்வூரை அறியும். ஊர்ச் சபையின் வாரியங்கள் என்ற குழுக்களில் ஏரி வாரியத்துக்குத் தனி இடம் இருந்தது. வயிரமேகத் தடாகம் என்ற பேரேரியை நம்பி விளைந்த நெல்தான் ஊரின் செல்வம். நெல் கனமான சரக்கு, அதைத் தலைச்சுமையாக வெகுதூரம் கொண்டுபோக முடியாது. எனவே ஏரி எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் வண்டியும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரயில் வந்தபோது அது இவ்வூரைச் சுற்றிக்கொண்டு போயிற்று. இந்தியன் டிராம்வே கம்பெனி 1865இல் அரக்கோணத்திலிருந்து காஞ்சிபுரத்துக்குக் குறுகிய பாதை ஒன்றைப் போட்டது. பின்னர் அது மீட்டர்கேஜாக மாறிச் செங்கல்பட்டு வரை நீண்டது. தெற்கே விழுப்புரம் போகும் பாதை மதுராந்தகம் வழியாகப் போனது. காஞ்சிபுரத்துக்கும் செங்கல்பட்டுக்கும் மதுராந்தகத்துக்கும் நடுவே கிடந்த உத்திரமேரூருக்கு எந்த நிலையமும் கிட்டவில்லை. மற்ற இடங்களில் ரயில் எடுத்துக்கொண்ட வேலையை இங்கே மாட்டுவண்டியே நெடுங்காலம் செய்துகொண்டிருந்தது.

அந்த மாட்டுவண்டிக்கு வெளியே என்ன இருந்தது? அடியில் கோணியால் தூளி கட்டி வைக்கோல் திணித்திருப்பார்கள். பக்கத்தில் ஒரு வாளியும் கிணற்றில் நீர் சேந்தக் கயிறும் தொங்கும். அச்சுக்குப் போடும் மசகு மூங்கில் குழாயில் இருக்கும். இரவானால் அச்சுக்கடியில் லாந்தர் ஆடும். இவற்றைக் கொண்டே அன்றைய சாலையின் கணக்கைப் போட்டுவிடலாம். வழியில் கிணறு உண்டு, ஆனால் வாளி கிடையாது. நிழல் உண்டு, மாட்டுக்குத் தீனி கிடையாது. பாதை உண்டு, விளக்கு கிடையாது. சேம அச்சு இந்தப் பட்டியலில் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஊருக்கு ஊர் தச்சரும் கொல்லரும் இருந்த நாட்டில் அச்சைச் சுமந்து திரிய அவசியமில்லை. உமணர் காலத்தில் வண்டிக்காரன் சுமந்த அச்சைப் பின்னாளில் ஊர் சுமந்தது. வெளியே தொங்கும் பொருள் இப்படித்தான் மறைகிறது, சாலையோர ஊர் அதைத் தன் பொறுப்பாக ஏற்றுக்கொள்ளும்போது.

எதை வெளியே கட்டலாம் என்பதற்கு இன்னொரு கட்டுப்பாடும் இருந்தது. இருசக்கர மாட்டுவண்டி ஒரு தராசு, அச்சுதான் அதன் முள். சரக்கு முன்னால் கூடினால் முன்பாரம். நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்னால் கூடினால் பின்பாரம். நுகம் மேலே எழும்பிப் பூட்டாங்கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும், ஏற்றத்தில் வண்டி குடைசாய்ந்தாலும் சாயும். மூட்டைகளை ஏற்றி முடித்ததும் ஏர்க்காலைக் கையால் தூக்கிப் பார்த்து, ஒரு மூட்டையை முன்னுக்கோ பின்னுக்கோ நகர்த்துவது வண்டிக்காரனுக்குப் பாலபாடம். மயிலிறகையே ஏற்றினாலும் அளவு மீறினால் அச்சு முறியும் என்று வலியறிதல் அதிகாரத்தில் வள்ளுவர் சொன்னது மொத்த எடையைப் பற்றியது. வண்டிக்காரனின் பாடம் அதற்கு அடுத்த படி. எடை எவ்வளவு என்பதோடு அது எங்கே இருக்கிறது என்பதும் அவனுக்கு முக்கியம். பின்னால் தொங்கும் பத்து படி, நடுவில் கிடக்கும் ஒரு மூட்டையைவிட அதிகம் தொந்தரவு தரும்.

ஒரு வண்டியே இன்னொரு வண்டியின் பின்பாரமாவது எப்போது? தொலைவுக்கு ஏற்றது ஊருக்குள் நுழைய ஏற்றதாக இல்லாதபோது. நிலத்துத் தேர் கடலில் ஓடாது, கடலின் நாவாய் நிலத்தில் ஓடாது என்பது குறளின் இடனறிதல் அதிகாரம் சொல்லும் பாடம். இதையே சாலைக்குச் சுருக்கினால், நெடுவழிக்கான வண்டி வயல்வரப்பில் ஓடாது. வெள்ளைக்காரக் கலெக்டர்கள் ஜமாபந்திக்கும் பார்வைக்கும் முகாம் போனபோது கூடாரமும் மேசையும் பாத்திரமும் மாட்டுவண்டிகளில் போயின, ஏரிக்கரையையும் பயிரையும் பார்க்க அதிகாரி குதிரையில் போனார். வீட்டைச் சுமக்க மெதுவான பெரிய வண்டி, வேலையைப் பார்க்க விரைவான சின்ன வாகனம் என்ற பங்கீடு அதில் தெளிவாக இருக்கிறது. குதிரை தன் காலில் தானே நடந்து வந்ததால் அதைத் தூக்கிச் சுமக்க வேண்டியிருக்கவில்லை. இயந்திர யுகத்தில்தான் சின்ன வாகனம் பெரியதன்மேல் ஏறியாக வேண்டியதாயிற்று.

உத்திரமேரூர்ப் பக்கம் அப்படி ஏறியது சைக்கிள், ஏறிய இடம் பஸ்ஸின் கூரை. வெளியூர் பஸ்களின் பின்புறம் இரும்பு ஏணியும் மேலே கம்பிவேலி போட்ட டாப்பும் இருந்த காலம் பலருக்கும் நினைவிருக்கும். காய்கறி மூட்டை, கோழிக்கூடை, வாழைத்தார் இவற்றோடு சைக்கிளும் மேலே போகும். சாலவாக்கத்துக்கோ மானாம்பதிக்கோ பெருநகருக்கோ பஸ் போகும், ஆனால் அது தார்ச்சாலையோடு நின்றுவிடும். அங்கிருந்து ஏரிக்கரை வழியாக உள்ளே கிடக்கும் சிற்றூருக்குப் போக வேறு கால் தேவைப்பட்டது. துணி வியாபாரியும் பாத்திரக்காரரும் சைக்கிளை ஏற்றிக்கொண்டு வந்ததன் பொருள் இதுதான். பஸ் தங்களை எந்த இடத்தில் இறக்கிவிட்டுக் கைவிடும் என்பது அவர்களுக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது.

அந்தக் கூரைகள் ஏன் காலியாயின? பாதுகாப்புக் கருதி டாப்பை எடுத்துவிட்டார்கள், பஸ்ஸின் உடலமைப்பே மாறிவிட்டது, அதற்கும் சைக்கிளுக்கும் தொடர்பில்லை என்று ஒருவர் மறுக்கலாம். மறுப்பில் பாதி நியாயம் உண்டு. ஆனால் மக்களுக்கு அன்றாடம் தேவைப்படும் ஒன்றை எடுத்தால் கூச்சல் எழுந்திருக்கும், எழவில்லை. தேவை அதற்குள் வேறு வழியில் தீர்ந்திருந்தது. 1980இல் ஓசூரிலிருந்து டிவிஎஸ் 50 வந்தது. இருவர் ஏறிப்போகும்படி செய்த அந்த 50 சிசி மொபெட், சைக்கிள் மிதிக்கத் தெரிந்த எவரும் ஓட்டக்கூடியது. அதன் வழிவந்த எக்ஸ்எல் வண்டிகளில் முன்னால் கால்வைக்கும் இடம் தட்டையாக இருப்பதால் மூட்டையை அங்கேயே வைத்துக்கொள்ளலாம். 1997இல் தமிழக அரசு மினி பஸ்களுக்கு வழிவிட்டது, 2000இல் தொடங்கிய பிரதமர் கிராமச் சாலைத் திட்டம் மண்பாதைகளைத் தார்ச்சாலைகளோடு இணைத்தது. தச்சர் பெருகியதும் சேம அச்சு மறைந்தது போலவே, பாதையும் மொபெட்டும் பெருகியதும் கூரைச் சைக்கிள் மறைந்தது. சட்டமும் வடிவமைப்பும் அதன் பிறகு மீதியை முடித்துவைத்தன.

மேற்கிலும் ஜப்பானிலும் கதை எதிர்த்திசையில் நடந்தது. சாலை அங்கே எப்போதோ எங்கும் போய்விட்டது. அங்கே கிடைக்காமல் போனது இடம். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் செய்த வெல்பைக், 98 சிசி இயந்திரம் கொண்ட, சுமார் 32 கிலோ எடையுள்ள மடக்கு மோட்டார் சைக்கிள். குடையில் குதிக்கும் வீரர்களோடு உருளைப் பெட்டியில் வைத்து விமானத்திலிருந்து போடுவதற்காக அதை வடிவமைத்தார்கள். ஹோண்டா 1967இல் கைப்பிடி மடங்கும் மங்கி வண்டியைச் சாலைக்குக் கொண்டுவந்தது. 1981இல் தன் சிட்டி காரின் பின்பெட்டிக்குள் அடங்கும்படி மோட்டோகம்போ என்ற 49 சிசி வண்டியைச் செய்தது. காரை எங்கோ நிறுத்திவிட்டு நெரிசலுக்குள் சின்ன வண்டியில் போகலாம் என்பது கணக்கு. கேம்பர்வேனுக்கும் அதே சிக்கல்தான். ஆறு ஏழு மீட்டர் நீள வீட்டு வண்டி பழைய நகரத்துச் சந்துகளில் நுழையாது, ரொட்டி வாங்கப் போவதற்காக விரித்த படுக்கையையும் பற்றவைத்த அடுப்பையும் மூட்டைகட்ட யாருக்கும் மனம் வராது.

அங்கேயும் வண்டிக்காரனின் பழைய பாடம் திரும்பி வருகிறது. இழுகொக்கி இழுப்பதற்கென்று பிறந்தது, சுமப்பதற்கென்று பிறந்ததல்ல. டிரெய்லரை மாட்டினால் அதன் பாரத்தை அதன் சக்கரங்களே தாங்கிக்கொள்ளும், மூக்கின் எடை மட்டும் கொக்கிக்கு வரும். தாங்கியில் வைத்த மோட்டார் சைக்கிளோ முழுப் பாரத்தையும் கொக்கியின் தலையில் போடுகிறது. கார்களிலும் சிறு வேன்களிலும் கொக்கி தாங்கும் செங்குத்து எடை பெரும்பாலும் 75 முதல் 100 கிலோ அளவில் இருக்கும், தாங்கியின் எடையையும் அதற்குள்தான் கணக்கிட வேண்டும். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே 3 மீட்டர் உள்ள வேனில், பின் அச்சிலிருந்து 1.5 மீட்டர் தள்ளி 80 கிலோ தொங்கினால், பின் அச்சில் 120 கிலோ கூடும், முன் அச்சில் 40 கிலோ குறையும். முன்சக்கரம் இலேசானால் திருப்பும்போதும் நிறுத்தும்போதும் பிடிப்பு குறையும். நுகம் எழும்பி மாட்டின் தொண்டையை இறுக்கியதும் இதே நெம்புகோல்தான். இந்தியாவின் 1989 மோட்டார் வாகன விதிகள், வண்டியின் பின்நீட்சி சக்கர இடைவெளியில் 60 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்கின்றன. ஏர்க்காலைத் தூக்கிப் பார்த்த கை கண்ட உண்மையைத்தான் அந்த விதி எண்ணாக எழுதியிருக்கிறது.

இந்த ஒப்பீட்டுக்குக் கடுமையான மறுப்பு ஒன்று உண்டு. உமணர் பிழைப்புக்காகப் போனவர்கள், கேம்பர்வேன்காரர் பொழுதுபோக்கப் போகிறவர். உரல் இல்லாவிட்டால் உமணர் குடும்பம் பட்டினி, மோட்டார் சைக்கிள் இல்லாவிட்டால் இவர் கொஞ்சம் நடப்பார், அவ்வளவுதான். வாழ்வுக்கும் வசதிக்கும் உள்ள இந்த வேறுபாட்டை மறைக்கக் கூடாது. ஆனால் ஒரு பொருள் எவ்வளவு அவசியம் என்பது வேறு, அது எந்த இடைவெளியை நிரப்புகிறது என்பது வேறு. இங்கே பேச்சு இரண்டாவதைப் பற்றி. மேலும், உமணரின் உண்மையான வாரிசைக் கேம்பர்வேனில் தேடத் தேவையே இல்லை. திருச்செங்கோட்டிலிருந்து புறப்படும் ஆழ்துளை ரிக் வண்டிகளில் ஆட்கள் மாதக்கணக்கில் மாநிலம் மாநிலமாகப் போய், வண்டியோடு சமைத்து வண்டியோடு உறங்குகிறார்கள். அறுவடைக் காலத்தில் உத்திரமேரூர் வயல்களுக்கு வரும் பெல்ட் மிஷின் என்ற அறுவடை இயந்திரம் தார்ச்சாலையில் ஓட ஏற்றதல்ல. லாரியின் முதுகில் ஏறி வந்து வயலோரம் இறங்குகிறது, ஈரச்சேற்றில் தன் வேலையை முடிக்கிறது, மறுபடி லாரியேறி அடுத்த ஊருக்குப் போகிறது. வண்டியின்மேல் வண்டி என்ற முறை பிழைப்புக்காக இன்றும் உயிரோடிருக்கும் இடம் இது.

எதிர்த்திசையில் ஒரு சோதனையும் செய்து பார்க்கலாம். வெளியே தொங்குவது சாலையின் குறையைக் காட்டும் என்றால், குறை தீரும்போது அது கழன்றுவிட வேண்டும். லாரிக்காரர் சொல்லும் ஸ்டெப்னி, வேல்ஸ் நாட்டு லனெல்லி நகரத்தின் ஸ்டெப்னி தெருவில் 1904 வாக்கில் மாற்றுச் சக்கரம் செய்து விற்ற கடையிலிருந்து வந்த சொல். வேலையைப் பார்த்தால் ஔவையின் சேம அச்சேதான். 2020இல் இந்திய அரசு, டியூப் இல்லாத டயரும் காற்றழுத்தம் காட்டும் கருவியும் ஓட்டையடைக்கும் பொருள்களும் உள்ள சிறு கார்களுக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை என்று விதியைத் திருத்தியது. டயரே தன்னைப் பார்த்துக்கொள்ளும், சாலையோரம் பஞ்சர் கடை இருக்கும் என்ற நம்பிக்கை வந்ததும் இரண்டாயிரம் ஆண்டுக் காப்பு ஒன்று கழன்றுகொள்கிறது. சிலர் ஜீப்பின் முதுகில் ஸ்டெப்னியை அழகுக்காகவும் மாட்டுகிறார்களே என்றால், அந்த அழகும் கரடுமுரடான பாதையை நினைவூட்டித்தான் தன் மிடுக்கைப் பெறுகிறது.

அப்படியென்றால் இன்றைய உத்திரமேரூரில் என்ன தொங்குகிறது? பெரிய வண்டியின் பின்னால் மொபெட் தொங்கவில்லை, வீட்டுக்கு வீடு அது இருப்பதால் யாரும் அதைச் சுமந்து வரத் தேவையில்லை. பொருள்களெல்லாம் அதன்மேல் இடம் மாறிவிட்டன. இருபுறமும் பால் கேன், முன்னால் தவிட்டு மூட்டை அல்லது கேஸ் சிலிண்டர், பின்னால் புல்லுக்கட்டு என்று உமணர் வண்டியின் வேலையை அந்தச் சின்ன வண்டி செய்கிறது. முன்பாரமும் பின்பாரமும் பார்த்துக் கட்டுகிற பழைய கைப்பழக்கமும் அதோடு வந்திருக்கிறது. மொபெட்டின் பின்னால் இறுக்கிக் கட்டிய இன்னொரு பொருளும் தமிழ்நாட்டுச் சிற்றூர்த் தெருக்களில் அன்றாடம் போகிறது, 20 லிட்டர் தண்ணீர் கேன். மாட்டுவண்டிக்காரன் வாளி மட்டும் கொண்டுபோனான், தண்ணீரை வழியிலிருந்த ஊர் தந்தது. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பு ஏரிக்கென்று தனி வாரியம் வைத்து அதைக் கல்லிலும் வெட்டிவைத்த ஊருக்குள்ளும் இப்போது குடிநீர் பின்பாரமாக வந்து இறங்குகிறது.